மூலை வளைந்த ஜன்னல்

ஜன்னல் மூலையை வளைத்துக் கட்டலாம் என்று முதலில் எந்த ஆளுக்குத் தோன்றியதோ, அவர் என் கையில் கிடைத்தால் ஒரு டேப்பைக் கொடுத்து, "எங்க, அளந்து காட்டுங்க பார்க்கலாம்" என்பேன். சதுர மூலை நல்ல பிள்ளை. அகலம் ஓர் எண், உயரம் ஓர் எண், எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். வளைந்த மூலையில் டேப்பை எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது? ஒரே ஜன்னலின் நான்கு மூலையும் ஒன்றுபோல் இருக்கும் என்று நம்புவது அதைவிடப் பெரிய கூத்து. கொத்தனார் மேல் மூலைகளைத் தெம்பாக வளைத்திருப்பார். கீழ் மூலைகளுக்கு இறங்கி வரும்போது அவருக்குப் பசி வந்திருக்கும்.

நாங்கள் செய்வது ஜன்னலுக்கு உட்புறம் மாட்டும் மரக்கதவு. ஷட்டர் என்று சொல்லிப் பார்த்தோம்; கடைக்கு இழுத்து மூடுவதா என்று கேட்கிறார்கள். உள்கதவு என்றால் புரிந்துகொள்கிறார்கள். நாங்கள் என்றால் நானும் என் மனைவியும்தான். அவள் அளப்பாள், நான் அறுப்பேன். கல்யாணத்துக்கு முன் அவள் தையல் வேலை செய்தவள். சட்டைக்குக் கைக்குழியும் கழுத்தும் வெட்டிப் பழகிய கை என்பதால் வளைவு என்றால் அவளுக்குக் கொண்டாட்டம். ஜன்னல் குழியைவிடக் கொஞ்சம் சிறிதாக ஒரு தடித்த அட்டையை வெட்டி உள்ளே நிறுத்துவாள். ஒரு வாஷரின் ஓட்டையில் பென்சில் முனையைச் செருகி, வாஷரைச் சுவரோடு உருட்டிக்கொண்டே சுற்றி வருவாள். சுவர் எங்கே உப்பியிருக்கிறது, எங்கே உள்வாங்கியிருக்கிறது என்பதெல்லாம் அட்டையில் கோடாக வந்துவிடும். கடைசியில், தன்னைப் பார்த்திருக்கும் பக்கத்தில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போடுவாள். அறையைப் பார்க்கும் பக்கம் அதுதான் என்று அர்த்தம். நான் அந்தக் குறியை மேலாக வைத்து மரத்தில் வரைந்து அறுப்பேன். மேலே இருக்கும் முகத்துக்குத்தான் இழைப்பும் பளபளப்பும் ஓர வேலையும். இத்தனை வருஷத்தில் இதைப் பற்றி எங்களுக்குள் ஒரு வார்த்தை பேசத் தேவைப்பட்டதில்லை.

மற்ற எல்லாவற்றைப் பற்றியும் அவள் என்னிடம் நிறையவே பேசுவாள். உளியை வைத்த இடத்தில் வைக்காதது, மரத்தூளோடு வீட்டுக்குள் வருவது, டீயை ஆறவிட்டுவிட்டு ஆறிப்போச்சு என்று குறை சொல்வது, இப்படி ஒன்றுவிடாமல் வாங்கிக்கட்டிக்கொள்வேன்.

போன மழைக்காலத்தில் என் வலது கண்ணில் விழித்திரை கிழிந்து ஆபரேஷன் ஆயிற்று. பார்வை திரும்பி வந்தது, ஆனால் குறும்பு கற்றுக்கொண்டு வந்தது. நேர்க்கோடு நடுவில் லேசாக நெளிகிறது. கதவு நிலை, மின்கம்பம், செய்தித்தாளின் வரிகள் எல்லாம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் தெரிகின்றன. "மூளை பழகிக்கும், அவசரப்படாதீங்க" என்றார் டாக்டர். அவருக்கு என் மூளையைத் தெரியாது. கடைத்தெருவில் எனக்கு 'அரைநூல்' என்று பட்டப்பெயர். ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் அதில் ஒன்று ஒரு நூல். அதில் பாதி தப்பினாலும் இந்த ஆள் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுவான் என்று கிண்டல். அப்பேர்ப்பட்டவனுக்கு நேர்க்கோடே நெளிந்தால், வளைந்த கோடு என்ன பாடு படுத்தும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு செய்த முதல் அலமாரியில் ஒரு கதவு கோணிக்கொண்டது. "மரத்துல ஈரம்" என்றாள் மனைவி. அடுத்து ஒரு நாற்காலி ஆடியது. "அவங்க வீட்டுத் தரை சரியில்லை" என்றாள். அதுகூடப் பரவாயில்லை. அவள் என்னைத் திட்டுவதைக் குறைத்துக்கொண்டாள். நான் கைகால் கழுவப் போனதும் பட்டறையில் டேப் 'கிர்ர்' என்று உள்ளே சுருளும் சத்தம் கேட்கும். நான் அறுத்ததை எனக்குத் தெரியாமல் அளந்து பார்க்கிறாள் என்று அர்த்தம். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. சோப்பை நுரைக்க நுரைக்கத் தேய்த்துக்கொண்டு, அவள் முடிக்கும்வரை அங்கேயே நின்றுகொண்டிருப்பேன்.

இதற்கு நடுவில் மச்சான் வேறு. என் மனைவியின் அண்ணன், குழாயும் வாளியும் விற்கும் பெரிய கடை வைத்திருக்கிறவர். "கடையில ஒரு நாற்காலி உங்களுக்குன்னே போட்டு வச்சிருக்கேன் மாப்பிள்ளை. ஃபேனுக்குக் கீழ. வந்து உட்காருங்க, அது போதும்" என்பார். தங்கமான மனசு. அந்த மனசுதான் என் வயிற்றெரிச்சல். என்னைப் பார்த்தால் ஃபேனுக்குக் கீழே உட்காரவைக்கும் ஆளாகத் தெரிய ஆரம்பித்துவிட்டதே!

அப்போதுதான் அந்தப் பெண் கூப்பிட்டாள். தெரு வளையும் இடத்தில், தெருவோடு சேர்ந்து தானும் வளைந்து நிற்கும் ஒரு பழைய கட்டடம். அதில் இரண்டாவது மாடி. வீட்டில் அவளும் ஒரு கைக்குழந்தையும். கணவனுக்கு வெளியூரில் வேலை, எப்போதாவதுதான் வருவான். குழந்தை தூங்கும் அறைக்கு எதிரே ஒரு மருந்துக்கடை. அதன் பச்சை விளக்கு விடிய விடிய அணைந்து அணைந்து எரியுமாம். குழந்தை அதைப் பார்த்துக்கொண்டே கொட்டக் கொட்ட விழித்திருக்குமாம். திரைச்சீலை, போர்வை, கறுப்புத் தாள் என்று எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டாள். "இருட்டு வேணும் அண்ணா" என்றாள் போனில். "கொஞ்சம் இருட்டு இல்லை. முழு இருட்டு." தூக்கத்துக்கு ஏங்கிய குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு ஜன்னல்தான். ஒற்றைக் கதவு. நான்கு மூலையும் வளைவு. நான் எனக்குள் முடிவு செய்துகொண்டேன்: இது சரியாக அமைந்தால் என் கண் வேலைக்கு ஆகும். இதுவும் தப்பினால் ரம்பத்தைத் துடைத்து மேலே வைத்துவிட்டு மச்சானுடைய ஃபேனுக்குக் கீழே போய் உட்கார்ந்துவிட வேண்டியதுதான். இதை மனைவியிடமும் சொன்னேன். "ஒரு ஜன்னலை வச்சா முடிவு பண்ணுவாங்க?" என்றாள். "ஆமா" என்றேன். அவள் அளவுக்கு அட்டை தேட ஆரம்பித்தாள். பழைய மாதிரி இருந்திருந்தால் என்னை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள்.

அளக்கப் போன அன்று எனக்குக் கண் ஆஸ்பத்திரியில் முறை இருந்தது. அவள் தனியாகவே போய் அட்டையோடு வந்தாள். சுத்தமான கோடு, சுத்தமான பெருக்கல் குறி. நான் அதைப் பலகையில் வைத்து வரைந்தேன். அறுக்கும்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன் என்று சொல்ல ஆசைதான். என் கண்ணுக்கு எண்ணெய் விட்டும் பிரயோசனமில்லை. வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தேன். அது போதாதபோது இரண்டையும் மூடிக்கொண்டு விரலால் பார்த்தேன். கோட்டுக்குச் சற்று வெளியே அறுத்துவிட்டு, மீதியை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவினேன். நான்கு மூலைக்கும் நான்கு விதமான வளைவு. இடது மேல் மூலை கஞ்சம், வலது மேல் மூலை தாராளம், கீழ் இரண்டும் அவசரம். முடித்து அட்டையை மேலே வைத்தபோது பொருந்தியிருப்பதுபோல்தான் தெரிந்தது. தெரிவதை நம்பலாமா என்பதுதானே பிரச்சினை. நான் கைகழுவப் போனேன். 'கிர்ர்' என்றது டேப்.

மாட்டப் போனபோது பகல் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கதவைத் திறந்ததும் உதட்டில் விரல் வைத்தாள். குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. "இப்பதான் கண்ணசந்துச்சு அண்ணா. ஆணி அடிக்கணும்னா சொல்லுங்க, வெளியே போயிடறேன்" என்று கிசுகிசுத்தாள். "ஆணியே கிடையாதும்மா, ஸ்க்ரூதான்" என்று நானும் கிசுகிசுத்தேன். அவள் முன்னறையில் நடந்துகொண்டே இருந்தாள். நாங்கள் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, பொருளை எடுக்க வந்த திருடர்கள்போல் கதவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனோம்.

கதவை ஜன்னல் குழிக்குள் கொடுத்தோம். கீழே போனது, மேலே போகவில்லை. இடது மேல் மூலை சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. வலது மேல் மூலையிலோ என் சுண்டுவிரல் போகும் அளவுக்கு இடைவெளி. அதன் வழியாக வெயில் வெள்ளையாக வந்து என் மனைவியின் தோளில் விழுந்தது. அரை நூலா அது? கணக்கே இல்லை.

கதவை இறக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுக் கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை. உடம்பு பாரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லிடு" என்றேன் கிசுகிசுப்பாக. "நாளைக்கே வந்துடறேன்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே இருந்த ஒடுக்கமான பால்கனியைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏங்க, இது உங்க தப்பு இல்லை. என் தப்பு."

"ஆரம்பிச்சுட்டியா?"

"இல்லைங்க, சத்தியமா. அன்னிக்கு நான் வந்தப்ப இந்த ஜன்னலை ஒட்டி தொட்டில் கிடந்துச்சு. குழந்தை தூங்கிட்டிருந்துச்சு. அந்தப் பொண்ணு காலைப் பிடிக்காத குறையாக் கேட்டுச்சு, எழுப்பிடாதீங்க அக்கான்னு. அப்புறம் அந்தப் பொண்ணும் தரையிலேயே சாஞ்சு தூங்கிப் போச்சு. ரெண்டையும் தாண்டி எப்படிப் போறது? சுத்திப் போயி, பால்கனியில நின்னு, கண்ணாடியைத் திறந்து வச்சு, வெளிய இருந்தே அட்டையை வச்சு வரைஞ்சேன்."

"வரைஞ்சா என்ன? ஓட்டை ஒண்ணுதானே?"

"ஓட்டை ஒண்ணுதான். குறியை எப்பவும்போல என்னைப் பார்த்த பக்கத்துல போட்டுட்டேன். அன்னிக்கு என்னைப் பார்த்தது வெளிப்பக்கம்ங்க. நீங்க அதை உள்பக்கம்னு நினைச்சு அறுத்திருக்கீங்க. இடம் வலமாப் போச்சு."

நல்ல கதை. மிக நல்ல கதை. ஆபரேஷன் ஆனதிலிருந்து அவள் சொல்லிவரும் கதைகளில் இதுதான் மிகச் சிறந்தது.

"அலமாரிக் கதவு கோணினப்ப மரத்துல ஈரம்னே."

"ஈரம்தான்!"

"நாற்காலி ஆடினப்ப தரை சரியில்லைன்னே."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அது மட்டும் உங்க தப்பு."

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். "என்னைத் தேத்தாதே" என்றேன். ரகசியக் குரலில் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தொண்டை நரம்பு புடைக்கிறது, சத்தம் மட்டும் வருவதில்லை.

"தேத்தலைங்க. நேத்து நீங்க கைகழுவப் போனப்ப அட்டையை வச்சுப் பார்த்தேன். டேப் வச்சும் பார்த்தேன். அச்சு அசல். மயிரிழைகூட விலகலை."

"தெரியும். டேப் சத்தம் கேட்டுச்சு."

அவள் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். "கேட்டுச்சா?"

"தினமும் கேக்குது. கண்ணுலதான் ஆபரேஷன், காது நல்லாத்தான் இருக்கு."

அவள் கண் கலங்கிவிட்டது. கலங்கிய வேகத்திலேயே கோபமும் வந்தது. "தெரிஞ்சுக்கிட்டே சோப்புத் தேய்ச்சுட்டு நின்னீங்களா? எத்தனை சோப்பு தீர்ந்துச்சு! எழுந்திரிங்க. திருப்பி வச்சுப் பாருங்க."

நான் எழவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பயம். இப்போதைக்கு அவள் சொன்னதில் பாதியையாவது நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். திருப்பி வைத்தும் பொருந்தாவிட்டால் அந்தப் பாதியும் போய்விடும். அவள் எனக்காகப் பொய் சொன்னாள் என்பதும் தெரிந்துவிடும். அதை என்னால் தாங்க முடியும் என்று தோன்றவில்லை.

"வேண்டாம்" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கதவின் இரண்டு பக்கத்தையும் பிடித்துத் தானே தூக்கினாள். கனமான மரம். ஒரு முழம்கூட எழவில்லை. மறுபடி தூக்கினாள். கழுத்து சிவந்தது, கால் விரல்கள் தரையைப் பற்றிக்கொண்டன. கதவு அவள் மேலேயே சாய ஆரம்பித்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க எவ்வளவோ முயன்றேன். "விடு, விடு, காலில போட்டுக்கப் போறே" என்று எழுந்து மறுமுனையைப் பிடித்துவிட்டேன். இத்தனை வருஷமும் அவள் தூக்கினால் நான் பிடிப்பேன். கை கேட்டால்தானே.

திருப்பினோம். பளபளப்பாக இழைத்த முகம் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. கீழ் விளிம்பை வைத்து, மேல் விளிம்பை மெல்லத் தள்ளினோம். கதவு போனது. எங்கேயும் முட்டாமல், அடைபட்ட காற்றை மட்டும் 'உஸ்' என்று வெளியே விட்டுக்கொண்டு, போய் நின்றுகொண்டது.

நான் கண்ணை மூடிக்கொண்டு விரலால் சுற்றிவந்தேன். இடது மேல் மூலை. வலது மேல் மூலை. கீழ் இரண்டும். எல்லா இடத்திலும் ஒரே இடைவெளி, ரப்பர் பட்டி ஒட்ட எனக்கு வேண்டிய அந்த ஒரு நூல். எங்கேயும் அரைநூல்கூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. நெளிந்த கண்ணை வைத்துக்கொண்டு நான்தான் அறுத்திருக்கிறேன்.

"நீ தப்பு பண்ணிட்டே!" என்றேன். கிசுகிசுப்பது மறந்துபோய்விட்டது. "நீதான்! நீ தப்பு பண்ணிட்டே!"

"இவ்வளவு சந்தோஷமாச் சொல்லாதீங்க" என்றாள் அவள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே என் தோளில் ஓர் அடி வைத்தாள். நல்ல அடி, வலித்தது.

முன்னறையில் குழந்தை வீறிட்டது. எழுப்பியது நான்தான். அந்தப் பெண் அழும் குழந்தையோடு வந்து எட்டிப் பார்த்தாள். ஒரு பக்கம் தச்சன் சிரிக்கிறான், இன்னொரு பக்கம் அவன் பெண்டாட்டி அழுகிறாள், ஜன்னலில் கதவு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. என்ன நினைத்தாளோ பாவம்.

"மன்னிச்சுக்கம்மா" என்றேன். "ஒரு தப்பு நடந்துபோச்சு. அழகுப் பக்கம் வெளியே போயிடுச்சு. எடுத்துட்டுப் போயி வேற புதுசா செஞ்சு தரேன்."

"இது மூடுமா அண்ணா?"

"மூடறதெல்லாம் மூடும்."

"அப்ப இதையே மாட்டிடுங்க. புதுசு மெதுவா வரட்டும்." குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "அழகை யாரு அண்ணா பார்க்கப் போறாங்க? இருட்டுலதானே இருக்கப்போறோம்."

கீலுக்குக் குழி எடுத்திருந்ததெல்லாம் மறுமுகத்தில். இந்தப் பக்கம் புதிதாகக் குழி எடுத்தேன். உளி என் கையில் துள்ளியது. ஓரம் முழுக்க ரப்பர் பட்டியை மனைவி ஒட்டிக்கொண்டு வந்தாள். ஒட்டும்போதே என் பழைய பாவங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லித் திட்டிக்கொண்டு வந்தாள். சோப்பில் ஆரம்பித்து நாற்காலிவரை வந்தது. குழந்தையின் அழுகைக்கு நடுவிலும் எனக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

மாட்டி முடித்தாலும் எங்களுக்கு வேலை முடிந்ததாகக் கணக்கில்லை. உள்ளே நின்று கதவை மூடிப் பார்க்கவேண்டும். அறைக்கதவையும் சாத்தி, அடியில் ஒரு துண்டைச் செருகி, விளக்கை அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை அசையாமல் நிற்கவேண்டும். வெளியே வெயில் கொளுத்தும் நேரம் இதற்கு நல்லது. எங்கே ஒழுகுகிறதோ அங்கே வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்துவிடும். அந்தப் பெண்ணும் பார்க்கவேண்டும் என்றாள். சிணுங்கும் குழந்தையோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். நான் ஜன்னலை மூடினேன்.

இருட்டு.

காத்திருந்தேன். கண் பழகட்டும் என்று இன்னும் காத்திருந்தேன். மேல் மூலை இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. கீழே பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் சந்தேகம் வந்தது. எனக்குத் தெரியவில்லை என்றால் அது கதவின் கெட்டிக்காரத்தனமா, கண்ணின் கோளாறா? மயிரிழை வெளிச்சம் வந்துகொண்டிருந்தால் அதைப் பார்க்கும் கண்ணா இது? வலது கண்ணை மூடினேன். இடது கண்ணை மூடினேன். எல்லாம் ஒன்றுதான்.

"வெளிச்சம் வருதா?" என்று மனைவியைக் கேட்டேன்.

அவள் பாதங்கள் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகரும் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு மிக அருகில் போய் நின்றாள்.

"இல்லைங்க. எங்கேயும் வரலை."

நம்பத்தான் ஆசை. ஆனால் எனக்காக மரத்தில் ஈரத்தைக் கண்டுபிடித்தவள் அவள். இன்னொரு தடவை கேட்க எனக்கு வாய் வரவில்லை. அப்படியே நின்றேன். குழந்தையின் சிணுங்கல் எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. சீரான மூச்சு மட்டும் கேட்டது.

"அண்ணா... அக்கா..." கட்டிலிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது. பாதி தூக்கத்தில் இருந்தது அந்தக் குரல். "எங்க நிக்கிறீங்க ரெண்டு பேரும்? எனக்கு மடியில இருக்கற என் குழந்தை மூஞ்சியே தெரியலை."

அவளுக்கு என் கண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. என்னைத் தேற்றவேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை. யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில், அந்த இருட்டில் நின்றுகொண்டு நான் நன்றாகவே அழுதேன்.